சுவர் வேர்த்த நாள்

ரஞ்சிதம் தூக்கத்தில் சுவர் பூசுவாள். வலது கை மெல்ல எழும்பி, இடமிருந்து வலமாக ஒரு வளைவு வளைந்து, ஒரு கணம் நின்று, திரும்பி வரும். பக்கத்தில் படுத்திருக்கும் முருகையன் அதில் பல தடவை அடி வாங்கியிருக்கிறான். "ஏமே, நேத்து எந்த ஊட்டு செவுத்தப் பூசுன?" என்று காலையில் மூக்கைத் தடவிக்கொண்டு கேட்பான். அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது. வெள்ளையாக ஏதோ ஒன்று முடிவில்லாமல் விரிந்துகொண்டே போனது என்பது மட்டும் மனதில் ஈரமாகத் தங்கியிருக்கும்.

விழித்திருக்கும் நேரத்தில் அவள் பூச்சுக் கரணையைப் பிடித்ததில்லை. ஆதிமூலம் மேஸ்திரியிடம் ஒன்பது வருஷமாகச் சித்தாள். சுண்ணாம்புக் காரை சுமப்பாள், தண்ணீர் இறைப்பாள், கடைசிப் பூச்சுக்கான வெள்ளைச் சாந்தை அம்மியில் அரைப்பாள். அந்த அரைப்பில் அவளுக்கு மிஞ்சின ஆள் செஞ்சியில் இல்லை என்று மேஸ்திரியே சொல்வார். அவள் அரைத்த சாந்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால், நடுவில் ஒன்று இருப்பதே தெரியாது. முருகையன் காரை அரைக்கும் செக்கில் மாடு ஓட்டுகிறவன். புருஷன் அரைத்தது அடிப்பூச்சுக்கு, பெண்சாதி அரைத்தது மேல்பூச்சுக்கு. கரணை மட்டும் எப்போதும் மேஸ்திரியின் கையில். அது வேறு மாதிரி இருக்கலாம் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அவளும்தான்.

அறுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம், புஷ்பதந்த நயினார் வீட்டு வெளிச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. நயினார் வேர்க்கடலை வியாபாரி. சிங்கவரம் போகிற சாலையை ஒட்டின தெருவில் பதினோரு வருஷத்துக்கு முன்னால் கட்டின வீடு அது. உள்பக்கம் பூசியதும் குடிவந்துவிட்டார்கள். வெளிப்பக்கம் பூசுவதற்குள் வருஷத்துக்கு ஒன்று குறுக்கே வந்தது. ஒரு வருஷம் மழை இல்லை. ஒரு வருஷம் நயினாரின் தங்கைக்குக் கல்யாணம். இன்னொரு வருஷம் கிணறு இடிந்து உள்ளே விழுந்தது. செங்கல் சுவர் பச்சைப் புண்ணாகச் சிவந்தபடியே நின்றது. தெருக்காரர்கள் அதற்குத் 'தோலுரிச்ச வூடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர், அந்த வீட்டம்மாள் ஜீவரத்தினத்திடமே, "தோலுரிச்ச வூடு இதானேம்மா?" என்று கேட்டுவிட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். அன்றிலிருந்து ஜீவரத்தினம் தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தன் வீட்டைத் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வந்து வாசற்படி ஏறிவிடுவாள்.

மற்ற வீடுகளில் வெள்ளைச் சாந்தோடு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார் ஆதிமூலம். ஜைன வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. சுண்ணாம்பை நீற்றுகிற தொட்டியில்கூட எறும்பு இருக்கிறதா என்று நயினார் குனிந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் விடச் சொன்னார்.

"முட்ட இல்லாட்டி பளபளப்பு வராதுன்னு இல்லீங்க நயினாரே. கை வலிக்கும், அவ்ளோதான்" என்றார் மேஸ்திரி.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க மேஸ்திரி" என்றார் நயினார்.

பின்சுவரும் பக்கச் சுவர்களும் முடிந்தன. மிச்சம் இருந்தது கிழக்கு பார்த்த முன்சுவர். காலை வெயில் நேராக விழாதபடி, சாரத்தின் வெளிப்பக்கம் நெடுக தென்னங்கீற்றுத் தட்டி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அமாவாசையன்று சாயங்காலம் ஆதிமூலம் முன்சுவருக்கு இரண்டாவது பூச்சை முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மேல்மலையனூருக்குக் கிளம்பினார். அங்காளம்மனுக்கு வேண்டுதல். துணைக்கு முருகையனும் போனான்.

"தண்ணி மட்டும் தெளிச்சிகினே இரு. செவுரு காயக்கூடாது. காலைல மொத பஸ்ஸுக்கு வந்து வெள்ளை இழுத்துடறேன்" என்று ரஞ்சிதத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிவதற்குள் அவள் வந்துவிட்டாள். அரைத்து வைத்த சாந்தை இன்னொரு தடவை அம்மியில் ஓட்டினாள். சாரத்தில் ஏறித் தண்ணீர் தெளித்தாள். முதல் பஸ் வந்தது. இரண்டாவது வந்தது. மலையனூரிலிருந்து திரும்பும் ஸ்பெஷல் பஸ்கள் ஒவ்வொன்றாக, எலுமிச்சை மாலையும் குங்குமமும் தூங்கி விழுகிற தலைகளுமாகக் கடந்து போயின. மேஸ்திரியும் வரவில்லை, முருகையனும் வரவில்லை. வெயில் ஏற ஏற, ராஜகிரி மலைப் பக்கமிருந்து வறண்ட காற்று ஒன்று கிளம்பித் தட்டிகளை அசைக்கத் தொடங்கியது. தெளித்த தண்ணீரைச் சுவர் உடனுக்குடன் குடித்தது. ஜன்னலுக்கு மேலே, நகத்தால் கீறினாற்போல மெல்லிசாக ஒரு விரிசலை ரஞ்சிதம் பார்த்தாள்.

அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. அவளைப் போன்றவர்கள் உள்ளே போகிற வழக்கம் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது. வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

"அம்மா, செவுரு இழுக்குதுங்க."

ஜீவரத்தினம் வெளியே வந்தாள். "இழுக்குதுன்னா?"

"காயுது. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டா வெள்ளை புடிக்காது. அப்புறம் மொத்தத்தையும் கொத்தித்தான் எடுக்கணும்."

நயினார் கடலை மூட்டைகளோடு திண்டிவனம் போயிருந்தார். வர இருட்டிவிடும். ஜீவரத்தினம் சாலையைப் பார்த்தாள்.

"வேற மேஸ்திரி யாரும் இல்லியா?"

"எல்லாரும் மலையனூர்ல இருக்காங்க."

"வெள்ளை எப்படி இழுக்கறதுன்னு உனக்குத் தெரியுமா?"

ரஞ்சிதம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பாத்திருக்கேங்க" என்றாள்.

"எத்தினி வருஷமா?"

"ஒம்போது வருஷமாங்க."

"நான் பதினோரு வருஷமா இந்தச் செங்கல்லப் பாத்துகினு இருக்கேன்" என்றாள் ஜீவரத்தினம். பிறகு, யாரும் கேட்டுவிடக்கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தி, "ஏறு" என்றாள்.

தட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுதான் இடம். கீற்று இடுக்குகளில் நுழைந்த வெளிச்சம் பச்சையும் மஞ்சளுமாகச் சுவரில் நெளிந்துகொண்டிருந்தது. குளத்துக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் தெரிகிற வெளிச்சம். ரஞ்சிதம் மேஸ்திரியின் கரணையை எடுத்தாள். அதன் பிடி அவர் கட்டைவிரலுக்குத் தேய்ந்து குழிந்திருந்தது. அவள் விரல் அந்தக் குழியில் உட்காராமல் வழுக்கியது. முதலில் அள்ளி வைத்த சாந்து பாதி சுவரிலும் பாதி அவள் பாதத்திலும் விழுந்தது. இரண்டாவது இழுப்பு வரப்பு மாதிரி மேடு தட்டியது. அதை வழித்துச் சட்டியில் போட்டாள். பிறகு, என்ன தோன்றியதோ, கண்ணை மூடிக்கொண்டாள்.

கை தானாக எழும்பியது. இடமிருந்து வலமாக வளைந்தது, ஒரு கணம் நின்றது, திரும்பி வந்தது.

கண்ணைத் திறந்தபோது சுவரில் ஒரு முழ நீளத்துக்கு நிலா வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவளால் யாருக்கும் கோர்வையாகச் சொல்ல முடிந்ததில்லை. நேரம் போனது தெரியவில்லை. சுவர் அவளை நோக்கி வந்ததா, அவள் சுவருக்குள் போனாளா என்பதும் தெரியவில்லை. வெள்ளை மேலே மேலே பரவியது. கரணை போகிற சத்தம், குழந்தைக்குத் தலையைக் கோதுகிற சத்தம் மாதிரி இருந்தது. சாந்து எங்கே தடித்திருக்கிறது, எங்கே இளைத்திருக்கிறது என்பதைக் கண் பார்ப்பதற்கு முன் மணிக்கட்டு அறிந்துகொண்டது. எப்போதோ செத்துப்போன அவள் அம்மா, தலையில் புல்லுக்கட்டோடு அந்த வெள்ளைக்குள் வரப்பில் நடந்து போனாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள் என்று தோன்றியது. ரஞ்சிதம் கூப்பிடவில்லை. கை நின்றுவிடுமே.

தட்டிக்கு வெளியே தெரு தன்பாட்டுக்கு நடந்தது. ஒரு தடவை எதிர்வீட்டுத் தாண்டவராயன் நின்று, "இன்னா மேஸ்திரி, அமாவாசைக்குப் போவலியா?" என்று குரல் கொடுத்தார். ரஞ்சிதம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் இருந்த ஜீவரத்தினமும் பேசவில்லை. "வேலை மும்முரத்துல இருக்காரு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் போய்விட்டார். இரண்டு பெண்களும் தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சத்தமில்லாமல் சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்கிறது மற்றவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

உச்சிப்பொழுதுக்கு முருகையன் வந்து சேர்ந்தான். மேலெல்லாம் புழுதி.

"மேஸ்திரி பஸ் படியிலேர்ந்து வுழுந்துட்டாரு. வலது மணிக்கட்டு பெசகி, எலும்பு வுட்டுப் போச்சி. வைத்தியர் கட்டு போட்டு அங்கியே படுக்க வெச்சிருக்காரு" என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே தட்டியை விலக்கியவன், மேலே பார்த்தான்.

"இன்னாமே பண்ற நீ? எறங்கு கீழ!"

"பேசாத. சாந்து தீரப்போவுது. எடுத்துகினு வா."

"மேஸ்திரிக்குத் தெரிஞ்சா பொழப்புக்கே ஒல வெச்சிடுவாரு. எறங்குன்றேன்."

ரஞ்சிதம் திரும்பவில்லை. "பாதில எறங்கினா இந்த எடத்துல தழும்பு வுழும்யா. அது எப்பவும் போவாது. உன் இஷ்டம்."

முருகையன் சுவரைப் பார்த்தான். எத்தனையோ சுவர்களுக்குக் காரை அரைத்தவன். நல்ல இழுப்பு எது என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை தலையைச் சொறிந்தான். துண்டை அவிழ்த்துச் சும்மாடு சுற்றினான். பிறகு சாந்துச் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, சாரத்தின் ஏணியில் ஏறினான். அவன் அதற்கு முன் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. "கனமா இருக்குதே" என்றான். "ஒம்போது வருஷமா அப்படித்தான் இருக்குது" என்றாள் அவள்.

மூன்று மணிக்கு மேல் வெள்ளை இழுத்து முடிந்தது. ஆனால் வெள்ளை இழுப்பது பாதி வேலைதான். வழவழப்பான கூழாங்கல்லை வைத்துச் சுவர் முழுக்க அங்குலம் அங்குலமாகத் தேய்க்க வேண்டும். முட்டை இல்லாத சாந்துக்கு அந்தத் தேய்ப்புதான் உயிர். ரஞ்சிதம் தேய்த்தாள். முருகையன் கீழ் வரிசையைத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க வெள்ளைக்குள்ளிருந்து ஒரு மினுக்கு மெல்ல மேலே வந்தது. பொழுது சாயத் தொடங்கியபோது சுவர் வேர்த்தது.

சுண்ணாம்புச் சுவர் அப்படித்தான். மெருகு ஏறினதும் உள்ளே இருக்கிற ஈரம் முத்து முத்தாக வெளியே வரும். துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் ஒவ்வொரு முத்தும் ஒரு புள்ளியாகத் தங்கிவிடும். ரஞ்சிதம் தன் முந்தானையால் ஒற்றினாள். அது நனைந்து கனத்தது. முருகையன் துண்டும் நனைந்தது. இரண்டு பேரால் அந்த அகலத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

ஜீவரத்தினம் உள்ளே போனாள். துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன தன் வெள்ளைப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் கிழித்தாள். ஒரு பாதியை ரஞ்சிதத்திடம் கொடுத்தாள். மறு பாதியோடு, கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டிக்குள் நுழைந்தாள்.

"அம்மா, நீங்க எதுக்குங்க…"

"எப்படி ஒத்தணும்? அத மட்டும் சொல்லு."

"தேய்க்காதீங்க. கொழந்த மூஞ்சிய ஒத்தற மாதிரி."

அந்த இடுக்கில் தோளோடு தோள் படாமல் நிற்க வழியில்லை. முதலில் இருவரும் கொஞ்சம் ஒதுங்கிப் பார்த்தார்கள். பிறகு அதை மறந்துவிட்டார்கள். மேலேயிருந்து கீழாக, கீழேயிருந்து மேலாக நான்கு பெண் கைகள் போய் வந்தன. சுவர் வேர்ப்பதும் அவர்கள் ஒற்றுவதும் சுவர் மறுபடி வேர்ப்பதுமாக, ஜுரம் விடுகிற பிள்ளையின் பக்கத்தில் இருப்பது போல இருந்தது.

அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள். விளக்கு வைத்த பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. அதை முதலில் ரஞ்சிதம்தான் நினைத்தாள்.

"பொழுது போவுதுங்கம்மா. போயி சாப்டுட்டு வாங்க."

ஜீவரத்தினம் கீற்று இடுக்கு வழியாக வெளியே பார்த்தாள். தூரத்து மலை முகட்டில் கடைசி வெயில் ஒரு கோடாக நின்றது. "இன்னைக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு ஒற்றுவதைத் தொடர்ந்தாள்.

இருட்டுகிற நேரத்துக்கு நயினாரின் வண்டி வந்து நின்றது. முருகையன் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னான். லாந்தரைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான்.

"வேணாம்" என்றார் நயினார். "வெளக்கக் கொண்டாந்தா விட்டில் வரும். ஈரச் செவுத்துல ஒட்டிக்கினு சாவும்."

அவர் தட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இருட்டில் சுவர் தானே கொஞ்சம் வெளிச்சம் வைத்திருந்தது. அதன் முன்னால் இரண்டு நிழல்கள் அசைந்தன. எது பெண்சாதி, எது சித்தாள் என்று அவருக்குச் சட்டென்று புலப்படவில்லை.

"ஜீவா, சாப்டியா?"

"இல்ல."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். வேலை ஓயும்வரை எழுந்திருக்கவே இல்லை. உள்ளங்கைக்கு ஈரம் தட்டாமல் போனபோதுதான் பெண்கள் இருவரும் வெளியே வந்தார்கள். வானத்தில் நிலா இல்லை. ஆனாலும் கைகளும் மூக்கு நுனியும் வெள்ளையாக இருந்ததால், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்தது.

அடுத்த இரண்டு நாளும் காலையும் மாலையும் சுவர் கொஞ்சம் கொஞ்சம் வேர்த்தது. இருவரும் ஒற்றினார்கள். மூன்றாம் நாள் ஆதிமூலம் வந்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டின கை மார்போடு தொங்கியது. கூட்டிவரப் போன முருகையன் வழியில் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். முகம் இறுகிக் கிடந்தது. நேராகத் தட்டிக்குள் போனார். ரஞ்சிதம் பின்னால் போய் நின்றாள்.

அவர் இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை மெல்ல நடந்தார். ஜன்னல் பக்கத்தில் நின்றார்.

"இங்க கை நடுங்கியிருக்குது."

"ஆமாங்க மேஸ்திரி. மொத இழுப்பு."

"அப்புறம் எங்கியும் நடுங்கல."

"இல்லீங்க."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லலீங்க. கண்ண மூடிக்கினேன்."

அவர் திரும்பி அவளை உற்றுப் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் புரியவில்லை. "தட்டிய அவுருங்கடா" என்று வெளியே வந்து சத்தம் போட்டார்.

கயிறுகளை முருகையன் வெட்ட, தட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. தெரு கூடிவிட்டது. காலை வெயில் சுவரில் பட்டு எதிர்வீடுகள் வரை வெளிச்சம் திரும்பி அடித்தது. போகிற மாடு, நிற்கிற ஜனம், தூரத்து மரம், எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அந்த வெள்ளைக்குள் மங்கலாகத் தெரிந்தன. கண் கூசப் பார்த்துக்கொண்டிருந்த தாண்டவராயன், "இதாங்க மேஸ்திரி வேலை! முட்ட கூட இல்லாம!" என்று ஆதிமூலத்தின் தோளைத் தட்டினார்.

ஆதிமூலம் பேசாமல் நின்றார். ஒரு கணம் அவர் அப்படியே விட்டுவிடுவார் என்றுதான் ரஞ்சிதத்துக்குத் தோன்றியது. விட்டாலும் அவளுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. சுவரை முழு நீளத்துக்கு அவளும் இப்போதுதான் பார்க்கிறாள். வேறு எதற்கும் மனதில் இடம் இல்லை.

தெரு நடுவில் நின்று, தலையை நிமிர்த்தி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஜீவரத்தினம் வாயைத் திறந்தாள். அதற்குள் மேஸ்திரியே பேசிவிட்டார்.

"என் கை கழுத்துல தொங்குது, பாக்கலியா? இந்தச் செவுத்தப் பூசின கை தோ அங்க நிக்குது."

எல்லாரும் அவர் கண் போன திசையில் பார்த்தார்கள். யாரையோ தேடினார்கள். அவள் என்று புரிய நேரம் பிடித்தது. புரிந்த பிறகு சிலர் சிரித்தார்கள். சிலர் சுவரை இன்னொரு தடவை, பழுது ஏதாவது அகப்படுமா என்று, கிட்டப் போய்ப் பார்த்தார்கள். ஜன்னல் பக்கத்து நடுக்கத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஆதிமூலம் சொன்னார்: "வல்லத்துல ஒரு ஊட்டுக்கு வாக்கு குடுத்திருக்கேன். பங்குனி பொறந்ததும் வேலை. எனக்குக் கட்டு அவுக்க மூணு மாசம் ஆவுமாம்."

ரஞ்சிதம் அவர் கைக்கட்டைப் பார்த்தாள்.

"நான் கீழ குந்திக்கினு சொல்றேன். நீ பூசறியா?"

"பூசறேங்க மேஸ்திரி" என்றாள். பிறகு, தான்தான் பேசுகிறோமா என்று அவளுக்கே சந்தேகமாக, "ஆனா காரை தூக்க வேற ஆளு பாத்துக்குங்க" என்றாள்.

முருகையன் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "வேற ஆளு எதுக்கு" என்று கயிற்றைப் பார்த்தே சொன்னான்.

பங்குனி இரண்டாம் தேதி மூன்று பேரும் வல்லம் போனார்கள். வீட்டுக்காரர், கட்டுப் போட்ட மேஸ்திரியைப் பார்த்துவிட்டு, "பூசறது யாரு?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆதிமூலம் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்தபடி முகவாயால் மேலே காட்டினார். சாரத்தில் ரஞ்சிதம் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள். எதிரில் சுவர் கரடுமுரடாக, வெயில் குடித்துச் சிவந்து கிடந்தது. செம்பில் தண்ணீரை மொண்டு வீசினாள். செங்கல் 'சொய்' என்று அதை உறிஞ்சிக்கொண்டது. இன்னொரு செம்பு வீசினாள். அதுவும் போதவில்லை.

"தண்ணி கொண்டாய்யா" என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். "நெறைய."